நெல்லிக்காயிலிருந்து நரம்பூசி வரை

நம் பக்கத்தில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் இரண்டு காரியங்கள் உடனே நடக்கும். ஒன்று, திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யா, நெய்யூரா, மதுரையா, அடையாறா என்று பேச்சு ஆரம்பிக்கும். இன்னொன்று, பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். முள்சீத்தா, கோதுமைப்புல், கருஞ்சீரகம் என்று போய்க்கொண்டிருந்த அந்த வரிசையில் இப்போது சேர்ந்திருப்பது வைட்டமின் சி டிரிப்ஸ். கீமோ ஏற்றும் நாட்களுக்கு நடுவே வேறொரு இடத்தில் போய் இதையும் ஏற்றிக்கொண்டால் கீமோவின் கஷ்டம் தெரியாது, நோயும் சீக்கிரம் வாடும் என்று சொல்கிறார்கள்.

பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என்னிடம் சிலர் கேட்கிறார்கள். போன மாதம் ஒருவர் கேட்ட விதத்தை அப்படியே சொல்கிறேன்: "வைட்டமின்தான அண்ணாச்சி, நெல்லிக்காச் சாறு மாதிரிதான. நல்லது செய்யாட்டாலும் கெடுதல் என்ன செஞ்சிரப் போவுது?" நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஐம்பது வருஷத்துக்கு மேலான வரலாறு உண்டு. அதில் நம் ஊர்ப் பெயரும் சென்னைப் பட்டணத்தின் பெயரும் வருகின்றன. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நெல்லிக்காயிலேயே தொடங்கலாம். அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனி என்று நாமெல்லாம் படித்தது. பாபநாசம் மலையிலும் குற்றாலத்து மலையிலும் காய்க்கிற காட்டு நெல்லியைக் கூறு கட்டி விற்பதை இன்றும் பார்க்கலாம். அதற்குள் என்ன இருக்கிறது என்று அளந்து பார்த்தவர்களும் நம்மவர்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், சீனிவாசன் என்ற இருவர் இந்தியத் தாவரப் பொருட்களில் வைட்டமின் சி எவ்வளவு என்று அளந்து 1935ல் வெளியிட்டார்கள். ஹங்கேரிக்காரர் சென்ட்-கியோர்கி இந்தப் பொருளைப் பிரித்தெடுத்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1937ல். அவர் பிறகு கிலோக்கணக்கில் எடுத்தது ஹங்கேரியின் குடைமிளகாயிலிருந்து. நம்மூர்க் கணக்குப்படி நெல்லிக்காய் 100 கிராமில் சுமார் 600 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. 1930களின் கடைசியில் அன்றைய பஞ்சாபின் ஹிசார் ஜில்லாவில் பஞ்சம் வந்து ஸ்கர்வி நோய் பரவியபோது நெல்லிக்காய் கொடுத்துத்தான் குணப்படுத்தினார்கள்.

ஸ்கர்வி என்றால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய புண் மறுபடி பிளந்துகொள்ளும். கப்பல்காரர்கள் நூற்றுக்கணக்கில் செத்தது இதனால்தான். 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை வைத்தியர் பன்னிரண்டு நோயாளி மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்று கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் எழுந்து நடமாடினார்கள். பக்கத்தில் இன்னொரு கூட்டத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற அந்தப் புத்தி பின்னால் நம் கதைக்கு மிகவும் தேவைப்படும்.

ஆறிய புண் ஏன் பிளக்கிறது? நம் தோல், எலும்பு, ஈறு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது கொல்லாஜன் என்ற புரதம். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரை மாதிரி. வைட்டமின் சி இல்லாவிட்டால் உடம்பு இதைச் சரியாகக் கட்டாது. இந்தக் கொல்லாஜனின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர் ஜி.என். ராமச்சந்திரன். அந்த 'ஜி' எது தெரியுமா? கோபாலசமுத்திரம். முன்னீர்பள்ளம் தாண்டிச் சேரன்மகாதேவி போகிற வழியில் இருக்கிறதே, அதே கோபாலசமுத்திரம்தான் அவர்கள் பூர்வீகம். தகப்பனார் எர்ணாகுளத்தில் கணிதப் பேராசிரியராக இருந்ததால் ராமச்சந்திரன் பிறந்தது அங்கே, 1922ல். முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவரானார். கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ் கதிரில் படமெடுத்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்றது கொல்லாஜன் என்று தம் மாணவர் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். வெளிநாட்டுக்காரர்கள் அதில் சில திருத்தம் சொன்னார்கள், சண்டையும் நடந்தது. மூன்று இழை என்பது மட்டும் நின்றுவிட்டது. கயிறு திரிப்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த நமக்கு அது விளங்க ஒரு நிமிஷம் போதும்.

அதே கொல்லாஜனுக்கு 1951ல் வேறொரு வடிவம் சொல்லி, அது நிற்காமல் போன ஒரு பெரிய மனிதர் உண்டு. லைனஸ் பாலிங். அமெரிக்கர். 1954ல் வேதியியலுக்கு நோபல், 1962ல் அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்ததற்காகச் சமாதான நோபல். யாரோடும் பங்கு போடாமல் இரண்டு நோபல் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். நாங்கள் பாடம் நடத்திய வேதிப்பிணைப்பில் பாதிக்கு மேல் அவருடையது. அவர்தான் வைட்டமின் சி கதையைப் புற்றுநோய்க்குக் கொண்டுவந்து சேர்த்தவர்.

தொடங்கியது அவரில்லை. ஸ்காட்லாந்தில் வேல் ஆஃப் லீவன் என்ற சின்ன ஆஸ்பத்திரியில் இவான் கேமரான் என்று ஒரு அறுவை மருத்துவர். அவர் யோசித்த விதம் இது: புற்றுக்கட்டி பரவ வேண்டுமானால் செல்களுக்கு நடுவே இருக்கிற காரையைக் கரைக்க வேண்டும். காரையைப் பலப்படுத்திவிட்டால் கட்டி இருந்த இடத்திலேயே சிறைப்பட்டுப் போகும். காரையைப் பலப்படுத்துவது எது? வைட்டமின் சி. கேட்கிறதற்கு அழகான யோசனை. 1971ல் பாலிங்கோடு கடிதப் போக்குவரத்து ஏற்பட்டு, அந்த வருஷக் கடைசியிலேயே, இனி வேறு வழியில்லை என்று கைவிடப்பட்ட நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் கொடுக்க ஆரம்பித்தார். முதல் சில நாட்கள் நரம்பு வழியாக, பிறகு வாய் வழியாக.

10 கிராம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒரு ஆளுக்குத் தினம் 100 மில்லிகிராம்கூட வேண்டியதில்லை. கடையில் வாங்கிச் சப்புகிற 500 மில்லிகிராம் மாத்திரையில் இருபது. நெல்லிக்காயில் ஒன்றே முக்கால் கிலோ.

1976ல் இருவரும் கணக்கு வெளியிட்டார்கள். வைட்டமின் சி பெற்ற 100 நோயாளிகள். அதே ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்த, வைட்டமின் பெறாத 1000 நோயாளிகள். பெறாதவர்கள் சராசரியாக 50 நாள் இருந்தார்கள், பெற்றவர்கள் 210 நாளுக்கு மேல். நாலு மடங்கு! பத்திரிகைகள் விடுமா? உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஆராய்ச்சி தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். பழைய பதிவேட்டில் இருக்கிறவர்களும் இந்த நூறு பேரும் ஒரே நிலையில் இருந்தவர்கள்தானா? "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று ஒரு நோயாளியை என்றைக்கு முடிவு கட்டுவது என்பது டாக்டரின் கையில் இருக்கிறது. கொஞ்சம் தெம்பாக இருக்கும்போதே முடிவு கட்டிவிட்டால் கணக்கில் நாள் கூடும், மருந்து ஒன்றும் செய்யாவிட்டாலும். இதில் யாரும் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. நல்ல மனசோடு செய்தாலும் தராசு சாய்ந்துவிடும். அதனால்தான் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பதைக் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்க வேண்டும், யாருக்கு எது என்று டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரியக்கூடாது என்கிறார்கள்.

அமெரிக்காவின் மேயோ ஆஸ்பத்திரி அப்படிச் செய்து பார்த்தது. 1979ல் வந்த முடிவு: வித்தியாசம் இல்லை. பாலிங் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நோயாளிகள் ஏற்கனவே கீமோ வாங்கி உடம்பின் எதிர்ப்புச் சக்தியை இழந்தவர்கள் என்றார். சரி என்று கீமோ வாங்காத 100 குடல் புற்றுநோயாளிகளிடம் மறுபடி செய்தார்கள். 1985ல் அதே பதில். பாலிங் கொதித்துப் போனார். பெரியவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மனைவி ஆவா ஹெலனுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்து, அறுவை செய்துகொண்டு, கீமோவுக்குப் பதில் வைட்டமின் சி எடுத்து, 1981 டிசம்பரில் காலமானார். பாலிங்கும் புராஸ்டேட் புற்றுநோயால்தான் போனார், 1994ல், 93 வயதில். இதை வைத்து அவரைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. 93 வயது என்பது யாருக்கும் குறைந்த வயது இல்லை. ஒரு குடும்பத்தின் சாவை வைத்து ஒரு மருந்தை நிரூபிக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது.

இங்கே கொஞ்சம் நின்று, "வைட்டமின்தானே, கெடுதல் என்ன" என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் பாலிங்குக்கு முன்பே கிடைத்துவிட்டது. அந்தக் கதையின் நாயகர் சென்னையில் டாக்டருக்குப் படித்தவர்.

எல்லாப்பிரகத சுப்பாராவ். பிறந்தது பீமாவரத்தில், 1895. மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று கதர் உடுத்திக்கொண்டு அறுவை வகுப்புக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச நாள் பாடம் நடத்திவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அண்ணனை ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நோயிலும் பிள்ளைத்தாய்ச்சிகளின் சோகையிலும் குறைவது ஒரே வைட்டமின் என்று பிற்பாடு தெரிந்தது. அந்தச் சோகையைப் பம்பாயில் கர்ப்பிணிகளிடம் ஆராய்ந்து வழி காட்டியவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. அந்த வைட்டமின்தான் ஃபோலிக் அமிலம். இன்று நம் வீட்டுப் பெண்கள் உண்டானதும் சாப்பிடுகிற அதே சின்ன மாத்திரை. அதைத் தொழிற்சாலையில் செய்யும் வழியை 1940களின் நடுவில் கண்டுபிடித்தது லெடர்லி கம்பெனியில் சுப்பாராவின் கூட்டம்.

பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இந்த வைட்டமினையும் அதன் உறவுப் பொருட்களையும் வாங்கி, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் உள்படப் பல நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சோகைக்கு நல்லது, இதற்கும் நல்லதாக இருக்கும் என்ற நம்பிக்கைதான். குழந்தைகளுக்கு நோய் முன்னைவிட வேகமாக வளர்ந்தது. புற்றுச் செல்லும் அந்த வைட்டமினைத் தின்றுதான் பெருகுகிறது!

அங்கேதான் அவர்கள் புத்தி திரும்பியது. வைட்டமின் போலவே தோற்றம், ஆனால் செல் அதை எடுத்துக்கொண்டால் வேலை நின்றுவிடும், அப்படிப்பட்ட போலியைச் செய்து தரச் சொன்னார்கள். சுப்பாராவின் கூட்டம் செய்து கொடுத்தது. அமினோப்டெரின் என்று பெயர். 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் அடங்கியது. 1948 ஜூனில் முடிவு அச்சில் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு அடங்கியது அதுதான் முதல் தடவை. ஆகஸ்ட் மாதம் சுப்பாராவ் 53 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார். அதன் தம்பி மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். இன்றும் புற்றுநோய்க்கும், நம்மில் சிலர் வாரம் ஒரு முறை மூட்டுவாதத்துக்கும் சாப்பிடுகிற மாத்திரை. கீமோவின் பெரிய கிளை ஒன்று, ஒரு வைட்டமின் கெடுதல் செய்ததைக் கவனித்ததில் முளைத்தது. பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் சுப்பாராவுக்கு ஒரு பத்தியாவது இருந்தால் நன்றாயிருக்கும்.

சரி, வைட்டமின் சிக்கு வருவோம். மேயோவுக்குப் பிறகு இருபது வருஷம் யாரும் அதைச் சீண்டவில்லை. பிறகு அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் மார்க் லெவின் என்பவர் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். கேமரான் முதலில் நரம்பில் ஏற்றினார். மேயோவில் வாய் வழியாக மட்டும்தான் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றா? அளந்து பார்த்து 2004ல் வெளியிட்டார்கள். வாய் வழியாக எவ்வளவு விழுங்கினாலும் குடல் ஒரு அளவுக்கு மேல் உள்ளே விடாது; மிச்சம் வயிற்றுப்போக்காகப் போகும், உள்ளே வந்ததையும் சிறுநீரகம் வெளியேற்றும். 50 கிராமை நரம்பில் ஏற்றினால் ரத்தத்தில் சேருகிற அளவு, வாயால் எட்டக்கூடிய உச்சத்தைப் போல சுமார் 60 மடங்கு.

அந்த அளவில் இதன் வேலையே மாறிவிடுகிறது. அயோடினும் கஞ்சியும் கலந்த நீல நிறக் கரைசலில் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் போய்விடும் என்று வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற குணம் அது. ஆனால் பல மடங்கு சேர்ந்துவிட்டால் செல்களைச் சுற்றி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது, புண்ணில் விட்டால் நுரைக்குமே அதே திரவம். பரிசோதனைத் தட்டில் பல வகைப் புற்றுச் செல்கள் அதில் சாகின்றன, நல்ல செல்கள் தாக்குப்பிடிக்கின்றன. காரையைப் பலப்படுத்துவது என்ற கேமரானின் யோசனைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆக, டிரிப்ஸில் ஏறுவது நெல்லிக்காய்ச் சாறு இல்லை. ஒரு மருந்து. மருந்துக்குரிய குணமும் தோஷமும் அதற்கு உண்டு.

தட்டில் சாவதும் மனிதரில் சாவதும் ஒன்றல்ல. சீனாவில் பரவிவிட்ட குடல் புற்றுநோய்க்காரர்கள் 442 பேரிடம் குலுக்கல் முறையில் கீமோவோடு இதைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2022ல் முடிவு: கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு நோய் அடங்கியிருந்த காலம் 8.3 மாதம், வைட்டமினும் சேர்ந்தவர்களுக்கு 8.6. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் கணையப் புற்றுநோய்க்குச் செய்ததில் விடை வேறாக இருந்தது. கீமோவோடு வாரம் மூன்று தடவை 75 கிராம். ஆயுள் 8.3 மாதத்திலிருந்து 16 மாதமானது என்று 2024ல் எழுதினார்கள். கணையப் புற்றுநோயில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மொத்தமே 34 பேர்தான். வேல் ஆஃப் லீவனின் நாலு மடங்கை ஒரு தடவை பார்த்துவிட்டவர்கள் இன்னொரு பெரிய ஆய்வு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. 75 கிராம் என்பது பன்னிரண்டரைக் கிலோ நெல்லிக்காய், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நியூயார்க்கில் 2008ல் செல்களிலும் எலிகளிலும் செய்த ஆய்வில், வைட்டமின் சியின் ஒரு வடிவத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டால் டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட், இமாட்டினிப் எல்லாமே தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டன. நம் ஊர் நோயாளிகளுக்கு ஏற்றுகிற பெயர்கள்தான் இவை. மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் கடன் வாங்கி ஏற்றிய கீமோவை இன்னொரு பாட்டில் அணைத்துவிடக்கூடும் என்றால், அது அந்தக் கீமோ டாக்டருக்குத் தெரியாமல் நடக்கலாமா?

நான் கேள்விப்பட்டவரையில் அப்படித்தான் நடக்கிறது. பெரிய டாக்டர் திட்டுவார் என்று சொல்லாமல் ஏற்றிக்கொள்கிறார்கள். இதற்கு நோயாளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஐந்து நிமிஷத்தில் அடுத்த டோக்கன் கூப்பிடுகிற இடத்தில், மெதுவாகக் கேட்டுப் பதில் வாங்க எல்லோருக்கும் தைரியம் வராது. நமக்குப் பதில் நம் பிள்ளைகளையாவது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லலாம்: என்ன பாட்டில், எத்தனை கிராம், எந்தெந்தத் தேதி.

ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் குறைவாக இருக்கிறவர்கள் நம் நாட்டில் உண்டு. பலருக்கு அது தெரியவே தெரியாது. அவர்களுக்கு இந்த அளவு ஏறினால் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தாகிவிடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வைட்டமின் சி ஆக்ஸலேட் உப்பாக மாறி அங்கேயே படியும். கல் வந்தவர்களுக்கும் அதே பயம்.

மூன்றாவது சர்க்கரை. இது நம் வயதுக்காரர்கள் வீட்டில் எல்லாம் இருக்கிற விஷயம். விரலில் குத்தி அளக்கிற சில மீட்டர்கள், ரத்தத்தில் அதிகமாக உள்ள வைட்டமின் சியையும் சர்க்கரை என்று எண்ணிக்கொள்ளும். டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து குத்திப் பார்த்தால் 350, 400 என்று காட்டலாம், உண்மையில் 120 இருக்கும்போது. அதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் ராத்திரி தாழ்சர்க்கரையில் மயங்கிவிடுவார்கள். அன்றைக்கும் மறுநாளும் மீட்டரை நம்பாமல் ரத்தத்தை லேபில் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதுவரை டாக்டரைக் கேட்காமல் இன்சுலின் அளவை மாற்றக்கூடாது. பக்கத்தில் இருந்து ஊசி போட்டுவிடுகிற மருமகளுக்கோ மகனுக்கோ இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.